காழ்ப்பை அளக்கும் கேள்விகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவில் பூர்வகுடிகள் மீதான காழ்ப்புக்கும் அரசியல் சார்புக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க 10 வாக்கியங்களில் ஒரு வினாத்தாள் தயாரித்து 40 பேரிடம் கொடுத்தேன். ‘அவர்கள் பிறவியிலேயே தாழ்ந்தவர்கள்’ என்பதை ஏறக்குறைய எல்லோரும் மறுக்கிறார்கள். ‘அரசு அவர்களுக்கு அளவுக்கு மீறிக் கொடுக்கிறது’ என்பதை வலதுசாரிகள் அப்படியே ஏற்கிறார்கள். வலதுசாரிகளுக்குக் காழ்ப்பு அதிகம் என்று எழுதிவிடலாமா?

ர.

அன்புள்ள ர.,

எழுதிவிடாதீர்கள். முதல் வாக்கியம் பழைய பாணி. மனதில் அப்படி நினைப்பவர்கூடத் தாளில் ஒப்புக்கொள்ள மாட்டார். எல்லோரும் ஒரே விடை சொல்லும் கேள்வியால் யாரையும் பிரித்தறிய முடியாது.

இரண்டாவதில்தான் சிக்கல். அரசு யாருக்குமே செலவழிக்கக் கூடாது என்பவரும் அதற்கு ‘ஆம்’ போடுவார். அரசியலைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டு அரசியலோடு தொடர்பு தேடினால் கிடைக்காமலா போகும்? பாதிப் பேருக்கு ‘பூர்வகுடிகளுக்கு’ என்றும், மீதிப் பேருக்கு ‘கிராமப்புற மக்களுக்கு’ என்றும் குலுக்கல் முறையில் கொடுங்கள். இரண்டு விடைகளுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கூடவே 0 முதல் 100 வரை ‘எவ்வளவு நெருக்கமாக உணர்கிறீர்கள்’ என்று நான்கைந்து குழுக்களைப் பற்றிக் கேட்டு, மற்றவற்றின் சராசரியிலிருந்து பூர்வகுடிகளுக்கான எண்ணைக் கழியுங்கள். எல்லோருக்குமே 40 போடுகிற சிடுமூஞ்சிகள் உண்டு.

‘அவர்கள் வரி கட்டுவதில்லை’ என்ற வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். கனடாவின் பூர்வகுடிகளுக்கான ‘இந்தியர் சட்டத்தின்’ 87-ஆம் பிரிவு வரிச் சலுகை, அச்சட்டத்தில் பதிவு பெற்றவர்களுக்கு, அவர்களுக்கென ஒதுக்கிய நிலத்தில் உள்ள சொத்துக்கும் வருமானத்துக்கும்தான். பூர்வகுடிகளிலேயே இனுயிட், மேட்டி ஆகிய பிரிவினருக்கு அது கிடையாது. இதற்கு ‘ஆம்’ என்பவரிடம் இருப்பது காழ்ப்பா அறியாமையா என்று உங்கள் தாள் சொல்லாது.

பத்து வாக்கியங்களும் ஒரே திசையில் இருந்தால், எதற்கும் தலையாட்டுபவர் காழ்ப்புள்ளவராகத் தெரிவார். பாதியை எதிர்த்திசையில், ‘ஆம்’ என்றால் காழ்ப்பு இல்லை என்று பொருள்படும்படி எழுதுங்கள். கூட்டும்போது அவற்றின் மதிப்பெண்ணைத் தலைகீழாக்க மறந்தால் குரோன்பாக் ஆல்ஃபா (வாக்கியங்களுக்கான விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) படுத்துவிடும், சில வேளை எதிர்மறையாகவே வரும். அதைப் பார்த்து அளவையே தவறு என்று பதறுபவர்கள் அதிகம்.

அரசியலுக்கு ‘இடதா வலதா’ என்ற ஒரே கேள்வி போதாது. கனடாவின் மானிடோபா பல்கலைக்கழக உளவியலாளர் ஆல்ட்டிமேயர் 1981-இல் வெளியிட்ட, அதிகாரத்துக்கு அடிபணிவதையும் மரபை மீறுபவர்கள் மீதான கடுமையையும் அளக்கும் வலதுசாரி அதிகார மனப்பான்மை அளவை வேறு, சமூகத்தில் மேல்கீழ் இருப்பதை விரும்பும் மனநிலையை அளக்கும் சமூக ஆதிக்க அளவை வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். கட்சிக் கேள்வி கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும். முதலில் வந்தால் மற்ற விடைகளும் கட்சிச் சட்டை போட்டுக்கொள்ளும்.

40 பேர் போதாது. 0.2 அளவுள்ள சிறிய தொடர்பை (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 80% வாய்ப்புடன் கண்டுபிடிக்கவே சுமார் 194 பேர் வேண்டும். குலுக்கிப் பிரித்து இரு பாதிகளையும் அரசியலோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், அதைவிடப் பல மடங்கு.