எந்த சர்வரில் சேருவது?

கே: பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்கள் சேர்ந்த சமூக வலைத்தளமாம் மாஸ்டடான். அதில் சேரப் போனால் நீளமான சர்வர் பட்டியலைக் காட்டுகிறது. ஒன்றில் சேர்ந்துவிட்டால் வேறு சர்வரில் இருக்கும் நண்பர்களோடு பேச முடியாதா? (சாட்ஸ்வொர்த்)

ப: பேசலாம். மின்னஞ்சல் மாதிரிதான். ஆனால் உங்கள் சர்வரை நடத்துபவர் நண்பரின் சர்வரைத் தடுத்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. பல சர்வர்கள் விதிகளையும் தடைப் பட்டியலையும் 'பற்றி' (About) பக்கத்தில் போட்டிருக்கும். சேரும் முன் படியுங்கள்.

கே: நம் நாட்டு சர்வர் என்றால் டேட்டா மிச்சமாகுமா? (ஃபீனிக்ஸ்)

ப: ஆகாது.

கே: போனில் அழைத்த ஒருவர், மாஸ்டடானில் ஆயுள் முழுக்கப் பச்சை டிக் (சரிபார்த்த அடையாளம்) தருவதாக 450 ரேண்ட் வாங்கிக்கொண்டார். டிக் வரவில்லை. (டொங்காட்)

ப: மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் அக்கா, தப்பு உங்கள் மேல் இல்லை. அங்கே டிக்கை யாரும் விற்பதில்லை. உங்கள் சொந்த இணையதளத்தில் உங்கள் மாஸ்டடான் பக்கத்துக்கு உரிய குறியோடு இணைப்பு வைத்தால், மாஸ்டடான் பக்கத்தில் நீங்கள் போட்ட அந்தத் தள முகவரி இலவசமாகவே பச்சையாகும். முதலில் வங்கியின் மோசடிப் பிரிவுக்குச் சொல்லுங்கள். தானாக அழைத்து விற்றவர் என்பதால், தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 5 வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யும் உரிமையும் உண்டு. 'ஆயுள் சர்வீஸ்' என்று நானும் ஒரு தண்ணீர் ஃபில்டர் வாங்கினேன். ஆயுள் முடிந்தது கடைக்குத்தான்.

கே: என் சர்வர் மூடிவிட்டது. மூன்று மாதம் முன்பே அறிவித்தார்களாம், நான் பார்க்கவில்லை. பதிவுகளைத் திரும்பப் பெற வழி உண்டா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ப: இல்லை. மூன்று மாதம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் தம்பி? பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே கணக்கை மாற்றியிருந்தால் பின்தொடர்பவர்களாவது கூட வந்திருப்பார்கள். பதிவுகள் எப்படியும் வராது. அவற்றை ஆவணமாக இறக்கி வைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

இதில் எனக்கு ரொம்ப நாள் கோபம் உண்டு. சேருகிறவர்கள் சர்வரின் பெயர் அழகாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், பில் கட்டுவது யார் என்று பார்ப்பதில்லை. பல சர்வர்களை ஒரே ஆள் தன் கைக்காசில் நடத்துகிறார். அவர் சலித்துப்போனால் கதை முடிந்தது. மாஸ்டடானின் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெற, தினமும் பேக்கப், அவசரத்துக்கு இன்னொருவர் கையிலும் சாவி, மூடுவதற்கு மூன்று மாத முன்னறிவிப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலில் இருந்து எடுங்கள். சர்வர் முகவரியின் வாலையும், அதாவது கடைசிப் புள்ளிக்குப் பின் வருவதையும், பாருங்கள். ஆப்கானிஸ்தானின் '.ஏஎஃப்' வாலை வைத்திருந்த 'குவீர்.ஏஎஃப்' சர்வரின் பெயரை 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு முடக்கியது. சர்வரை நடத்தியவர்கள் ஒழுங்காகத்தான் நடத்தினார்கள். அப்புறம், மாதம் பத்து ரேண்டாவது நன்கொடை போடுங்கள்.

கே: அப்படியானால் இருப்பதிலேயே பெரிய சர்வரில் சேர்ந்துவிடட்டுமா? (டர்பன்)

ப: சேருங்கள். மிகச் சிறியதில் தேடினால் தமிழ்ப் பதிவுகள் குறைவாகத்தான் கிடைக்கும். பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம்.

கே: தனிச்செய்தியை வேறு யாரும் படிக்க முடியாதே? (ஐசிபிங்கோ)

ப: சர்வர் நடத்துபவர் நினைத்தால் படிக்கலாம். வங்கிக் கணக்கு எண்ணை அங்கே எழுதாதீர்கள்.