குடும்பத் தொழிற்கூடத்துக்கு வெளியிலிருந்து ஒரு வழிகாட்டி: எப்போது பயன் தருவார்?

கேள்வி: உலோகத் தகடுகளிலிருந்து சிறு பாகங்களைத் தயாரிக்கும் பிரஸ் தொழிற்கூடம் ஒன்றை என் தந்தையும் சித்தப்பாவும் தொடங்கி நடத்தி வருகிறார்கள். பொறியியல் படிப்பை முடித்து நானும் அதில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஆர்டர்களுக்குக் குறைவில்லை. ஆயினும் விற்பனை நெடுநாளாக ஒரே அளவில் நிற்கிறது. இயந்திரங்களும் நாங்களும் ஓய்வின்றி ஓடியும் கையில் மிஞ்சுவது கூடவில்லை. பெரிய நிறுவனத்தில் உற்பத்தி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற, தந்தையின் நண்பர் ஒருவரை வழிகாட்டியாக அழைக்கலாமா என்று யோசிக்கிறோம். வெளியாள் ஒருவரால் எங்கள் தொழில் உண்மையில் வளருமா? அவரையே அழைப்பது சரியா? அவருக்குத் தொழிலில் பங்கு தர வேண்டுமா?

பதில்: வளர வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த வாய்ப்பு வழிகாட்டியின் தொழில்நுட்ப அறிவைவிட, இன்று உங்கள் தந்தையாரும் சித்தப்பாவும் மட்டுமே எடுக்கும் முடிவுகளில் எத்தனையை மற்றவர் கைக்கு மாற்ற அவர் உதவுகிறார் என்பதைப் பொறுத்தே இருக்கும். ஆர்டர் இருந்தும் விற்பனை நகரவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதிலிருந்தே தடை சந்தையில் இல்லை, உள்ளே இருக்கிறது என்று ஊகிக்கலாம்.

நிறுவனங்களின் வளர்ச்சியை ஆராய்ந்த பொருளியலாளர் எடித் பென்ரோஸ், ஒரு நிறுவனம் எவ்வளவு வேகமாக விரிவடைய முடியும் என்பதற்கான எல்லையை அதன் நிர்வாகத் திறனே வகுக்கிறது என்று 1959இல் வாதிட்டார். பணமும் இயந்திரமும் வாங்கக் கிடைக்கும். நிறுவனத்தின் உள்விவரம் அறிந்து, ஒருவரோடு ஒருவர் பழகி, பொறுப்பேற்று முடிவெடுக்கக்கூடிய ஆட்களை அப்படி வாங்க முடியாது, அவர்கள் உருவாகக் காலம் பிடிக்கும் என்பதே அவர் கூறியதன் சாரம். குடும்பத் தொழிலில் இந்த எல்லை இன்னும் நெருக்கமானது, ஏனெனில் அங்கே முடிவெடுக்கும் உரிமை பெரும்பாலும் உறவினருக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. மும்பைக்கு அருகிலுள்ள நெசவாலைகளில் நிக்கோலஸ் புளூம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2008இல் தொடங்கி நடத்திய ஆய்வில் இதற்குத் தெளிவான சான்று கிடைத்தது: நிறுவனம் எவ்வளவு பெரியது என்பதை அதன் நிர்வாகத் தரத்தைவிட, உரிமையாளர் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருந்தார்கள் என்பதே கூடுதலாகத் தீர்மானித்தது. வெளி மேலாளர்களை நம்பிக் கொள்முதலையும் பணத்தையும் ஒப்படைக்க உரிமையாளர்கள் தயங்கியதால், நம்புவதற்குரிய உறவினர் எத்தனை பேரோ அத்தனை பேர் கவனிக்கக்கூடிய அளவிலேயே தொழிலும் நின்றது. (நம்பத்தக்கவர் பட்டியலில் மகள்களுக்கு இடமே தராத குடும்பங்கள், தாமாகவே தம் எல்லையைப் பாதியாகக் குறைத்துக்கொள்கின்றன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.)

அதே ஆய்வில் சில ஆலைகளுக்கு ஆலோசகர்கள் சில மாதங்கள் தொடர்ந்து உதவினார்கள். இயந்திரப் பராமரிப்பு, குறைபாடுகளைப் பதிவு செய்தல், சரக்கிருப்பைக் கணக்கில் வைத்தல் போன்ற எளிய நடைமுறைகளே அங்கே புகுத்தப்பட்டன. முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் ஏறத்தாழ 17 விழுக்காடு கூடியது. அந்தப் பதிவுகள் இருந்ததால் உரிமையாளர்கள் ஆலையில் தாமே நில்லாமலும் நடப்பதை அறிய முடிந்தது, ஆகவே மேலாளர்களுக்குக் கூடுதல் பொறுப்பைத் தரவும் துணிந்தார்கள். ஆய்வாளர்கள் சுமார் ஒன்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, புகுத்திய நடைமுறைகளில் ஏறத்தாழ பாதி கைவிடப்பட்டிருந்தது. மேலாளர்கள் விலகியதும், உரிமையாளர்களுக்கு அவற்றைக் கவனிக்க நேரமில்லாமல் போனதும் அதற்கு முக்கியக் காரணங்களாகக் கூறப்பட்டன.

ஆலோசகருக்கும் வழிகாட்டிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. ஆலோசகர் ஒரு குறிப்பிட்ட வேலையை எடுத்துக்கொண்டு, அறிக்கையோ ஏற்பாடோ தந்துவிட்டுச் செல்கிறார். வழிகாட்டியோ, சென்ற மாதம் செய்வதாகச் சொன்னது ஏன் நடக்கவில்லை என்று இந்த மாதமும் அடுத்த மாதமும் கேட்பவர். அந்தக் கேள்வியைத் தம்பி அண்ணனிடமோ மகன் தந்தையிடமோ கேட்டால் அது மரியாதைக் குறைவாகவோ பழைய மனத்தாங்கலாகவோ மாறிவிடும் என்பதால், குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவர் அதைக் கேட்பதற்கே தனி மதிப்பு உண்டு.

வழிகாட்டி வருவதற்கு முன்பே நீங்கள் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. இரண்டு வாரங்களுக்கு, உங்கள் தந்தையாரிடமும் சித்தப்பாவிடமும் வந்து சேரும் முடிவுகளை எல்லாம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எந்த ஆர்டரை முதலில் ஓட்டுவது, எந்த விலைக்கு ஒப்புக்கொள்வது, தகடு எவ்வளவு வாங்குவது, பிரஸ்ஸில் தகட்டை வெட்டி வடிவமைக்கும் டை தேய்ந்தால் சாணை பிடிப்பதா மாற்றுவதா, யாருக்கு விடுப்பு தருவது என்று எதையும் விடாமல் எழுதுங்கள். பெரும்பாலான தொழிற்கூடங்களில் இப்பட்டியலின் பெரும்பகுதி, ஒரு விதியை எழுதி வைத்தால் மேற்பார்வையாளரே தீர்த்துவிடக்கூடியவற்றால் நிறைந்திருக்கும். வழிகாட்டியின் முதல் கூட்டத்துக்கு, கடந்த மூன்றாண்டுக் கணக்குகளைவிட இந்த நோட்டே அதிகம் பயன்படும் என்பது என் கருத்து.

அதற்கு அடுத்தபடியாக, யார் எந்தத் தகுதியில் பேசுகிறார் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரெனாட்டோ டாகியூரி, ஜான் டேவிஸ் ஆகியோர் 1978இல் ஹார்வர்டில் உருவாக்கிய மூன்று வட்ட மாதிரி இதற்கு எளிய கருவி. குடும்பம், உரிமை, நிர்வாகம் என ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மூன்று வட்டங்களை வரைந்து, ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்று குறிக்க வேண்டும். உங்கள் தந்தையாரும் சித்தப்பாவும் மூன்றும் சேருமிடத்தில் நிற்கிறார்கள். உங்கள் பெயரில் பங்கு இல்லையென்றால், நீங்கள் குடும்பத்திலும் நிர்வாகத்திலும் மட்டும் இருக்கிறீர்கள். நெடுங்காலமாக உழைக்கும் மேற்பார்வையாளர் நிர்வாக வட்டத்தில் மட்டும் இருக்கிறார். தொழிலில் ஈடுபடாத சகோதரியோ சித்தியோ பங்கு வைத்திருந்தால் அவர்களுக்கும் ஓரிடம் உண்டு. புதிய பிரஸ் வாங்க வேண்டும் என்று நீங்கள் சொல்வது நிர்வாகத்தில் நின்று. வேண்டாம், கடன் கூடும் என்று சித்தப்பா சொல்வது உரிமையாளராக நின்று. இரண்டும் நியாயமே. ஆனால் சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சு நடந்தால், அது பெரியவர் சொல்லைச் சிறியவர் கேட்பதா இல்லையா என்ற வழக்காகிவிடுகிறது. மாதந்தோறும் தொழிற்கூடத்திலேயே, நிகழ்ச்சி நிரலோடும் குறிப்பேட்டோடும் கூடிப் பேசும் பழக்கத்தை வழிகாட்டியால் ஏற்படுத்த முடியுமானால், அதுவே அவர் செய்யும் பெரிய உதவியாக இருக்கலாம்.

ஓடியும் மிஞ்சவில்லை என்ற உங்கள் குறைக்கு வருகிறேன். நல்ல வழிகாட்டி முதலில் கேட்பது எந்தப் பாகத்தில் எவ்வளவு லாபம் என்பதாக இராது. எந்தப் பாகம் ஒரு மணி நேர இயந்திர ஓட்டத்துக்கு எவ்வளவு ஈட்டித் தருகிறது என்பதாக இருக்கும். ஒரே விலையுள்ள இரண்டு பாகங்களை எண்ணிக்கொள்ளுங்கள். முதலாவதில் மூலப்பொருள் செலவு போக விலையில் 40 விழுக்காடு மிஞ்சுகிறது, மணிக்கு 300 பாகங்கள் வருகின்றன. இரண்டாவதில் 25 விழுக்காடே மிஞ்சுகிறது, ஆனால் மணிக்கு 900 வருகின்றன. ஒரு மணி நேரத்தில் முதலாவது 120 பாகங்களின் விலையையும், இரண்டாவது 225 பாகங்களின் விலையையும் ஈட்டுகின்றன. பிரஸ் ஓய்வின்றி ஓடும் தொழிற்கூடத்தில், லாப விழுக்காட்டைப் பார்த்து முதல் ஆர்டரை விரும்பி ஏற்று இரண்டாவதைத் தட்டிக் கழிப்பவர், தமக்கே தெரியாமல் வருமானத்தை இழக்கிறார். டை மாற்றும் நேரத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்தால் சிறு ஆர்டர்களின் உண்மை நிலை இன்னும் தெளிவாகத் தெரியும்.

டை மாற்றும் நேரம் என்றதும், அது குறையாத ஒன்று என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். ஜப்பானிய உற்பத்திப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ தம் அனுபவமாக எழுதியிருப்பதன்படி, 1969இல் டொயோட்டா ஆலையில் 1,000 டன் அழுத்தும் திறன் கொண்ட பிரஸ் ஒன்றில் டை மாற்ற நான்கு மணி நேரம் பிடித்தது. முதலில் அது ஒன்றரை மணி நேரமாகவும், பின்னர் மூன்று நிமிடமாகவும் குறைக்கப்பட்டது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யக்கூடிய ஆயத்த வேலைகளை, நிறுத்திய பிறகே செய்யக்கூடியவற்றிலிருந்து பிரித்ததுதான் அதன் அடிப்படை. உங்கள் இடத்தில் மூன்று நிமிடத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அடுத்த டையும் கருவிகளும் தகடும் முன்கூட்டியே இயந்திரத்தருகே வந்து சேர்ந்தாலே கணிசமான நேரம் மிஞ்சும். இதை யாரும் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு செட்டிங்குக்கும், அதாவது டையை மாற்றி இயந்திரத்தைத் தயார் செய்வதற்கும், ஆகும் நேரத்தை எழுத வைத்து, அதைக் கூட்டத்தில் கேட்டு வாங்கும் ஆள் இருந்தால்தான் அது நடக்கிறது.

இனி, தந்தையாரின் நண்பர் பற்றி. எனக்கு இரண்டு தயக்கங்கள் உண்டு. முதலாவது, அவர் எவ்வளவு நடுநிலையோடு பேசினாலும் உங்கள் சித்தப்பாவுக்கு அது அண்ணனின் குரலாகவே கேட்கக்கூடும். உங்கள் தந்தையாரிடம் கசப்பானதைச் சொல்ல வேண்டி வரும்போது நட்பே அவர் வாயைக் கட்டவும் கூடும். இரண்டாவது, பெரிய நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் கொள்முதலுக்கும் தனித்தனித் துறைகள் இருக்கும். அவற்றின் துணையோடு மட்டுமே பணிபுரிந்தவருக்கு, ஒரே ஆள் காலையில் செட்டிங்கும் மாலையில் பணவசூலும் பார்க்கும் இடத்தின் இயல்பு பிடிபடச் சற்றுக் காலமாகும். கென்யாவின் தலைநகர் நைரோபியின் டண்டோரா பகுதியில் சிறுதொழில் நடத்திய பெண்களிடையே நடந்த ஓர் ஆய்வில், வகுப்பறைப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் கூடவில்லை. அதே பகுதியில் வெற்றிகரமாகத் தொழில் செய்த பெண்களை வழிகாட்டிகளாகப் பெற்றவர்களின் லாபம் சராசரியாக 20 விழுக்காடு கூடியது. அவர்களின் தொழில்கள் உங்களுடையதைவிட மிகச் சிறியவை, பெரும்பாலும் உற்பத்தித் துறை சார்ந்தவையும் அல்ல. இருந்தாலும் யாரிடமிருந்து கற்கிறோம் என்பது முக்கியம் என்பதற்கு இது சான்றாகும். சந்திப்புகள் நின்றபின் அந்த ஆதாயமும் மறைந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே, உங்கள் அளவிலிருந்து அடுத்த அளவுக்கு ஒரு தொழிற்கூடத்தைத் தாமே வளர்த்தவர், இயன்றால் குடும்பத் தொழிலில் பொறுப்பு மாற்றத்தைக் கண்டவர், முதன்மை வழிகாட்டியாக இருப்பது நல்லது. அவர் உங்கள் போட்டியாளராகவோ, உங்களுக்கு இயந்திரமோ மூலப்பொருளோ கடனோ விற்பவராகவோ இருக்கக் கூடாது. தந்தையாரின் நண்பரை டை மாற்றம், தரப் பதிவு போன்ற வரையறுத்த பணிகளுக்கு அழைத்துக்கொள்ளலாம். அதில் அவருடைய அனுபவம் வீணாகாது.

தகுந்தவர் கிடைக்கவில்லையென்றால், போட்டியில்லாத தொழில்களைச் சேர்ந்த உரிமையாளர்கள் சிலர் மாதம் ஒருமுறை ஒருவர் தொழிற்கூடத்தில் மற்றவர் கூடுவதும் நல்ல மாற்று வழி. சீனாவின் நான்சாங்கில் 2,820 இளம் நிறுவனங்களை வைத்து நடத்திய ஆய்வில், இவ்வாறு சிறு குழுக்களாக ஓராண்டு கூடிய நிறுவனங்களின் விற்பனை, கூடாதவற்றைவிடச் சராசரியாக 8 விழுக்காடு உயர்ந்தது.

யாரை அழைத்தாலும், ஏற்பாட்டை ஒரு பக்க அளவில் எழுதிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு சந்திப்பு, அதில் நீங்கள் மூன்று பேரும் கட்டாயம் இருத்தல், பார்க்கப்படும் நான்கைந்து எண்கள் (குறித்த நாளில் சென்ற ஆர்டர்களின் விழுக்காடு, கழிவும் மறுவேலையும், செட்டிங் நேரம், வர வேண்டிய பணம், மிகப் பெரிய வாடிக்கையாளரின் பங்கு) ஆகியவை அதில் இருந்தால் போதும். ரகசியக் காப்பும் எழுத்தில் வேண்டும். வாடிக்கையாளரின் வரைபடங்கள் பெரும்பாலும் அவர்களுக்கே சொந்தமானவை என்பதால், ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்காமல் அவற்றை வழிகாட்டிக்குக் காட்டிவிடாதீர்கள்.

பங்கு தர வேண்டாம். பங்கு பெற்றவர் உரிமை வட்டத்துக்குள் வந்துவிடுகிறார். அதன்பின் அவர் வெளியாளாக நின்று கேள்வி கேட்க முடியாது, பிரிவதும் கடினமாகும். விற்பனையில் தரகுபோல ஒரு விழுக்காடு தருவதும் சரியல்ல, ஏனெனில் அது லாபமில்லாத ஆர்டரையும் ஏற்கத் தூண்டும். சந்திப்புக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் பேசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யும் விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆறாம் மாதத்தில் முன்பு சொன்ன நோட்டை மீண்டும் இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். உங்கள் தந்தையாரிடமும் சித்தப்பாவிடமும் வந்து சேரும் முடிவுகளின் எண்ணிக்கை குறையவில்லை என்றால், சந்திப்புகள் எவ்வளவு இனிமையாக நடந்திருந்தாலும், வேறு வழிகாட்டியைத் தேடுங்கள்.