கடலோரக் கார் கயலாமிக்குப் போகிறது: கேட்டவர்களுக்குப் பதில்

எங்கள் கார் ரேஸ் சாம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்று இந்த முறை தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் (ஜோபர்க்) பக்கத்துக் கயலாமி ட்ராக்கில். டர்பன் பக்கத்திலிருந்து நாலைந்து பேர் முதல் தடவையாக அந்த மேட்டு நிலத்துக்கு ஏறுகிறார்கள். கேள்விகள் குவிந்துவிட்டன. அடைப்புக்குறிக்குள் இருப்பது கேட்டவரின் ஊர். நான் வார நாளில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் கராஜ் நடத்துகிறவன். இருபது வருடமாக வாரக் கடைசியில் மட்டும் ரேஸ் ஓட்டுகிறேன். வீட்டில் பெரிய கோப்பை எதுவும் இல்லை. ஆனால் எத்தனை விதமாகத் தோற்கலாம் என்பது நன்றாகத் தெரியும். அதை வைத்துச் சொல்கிறேன்.

அண்ணா, என்னுடையது 1.8 சிட்டி கோல்ஃப் கார், இரட்டைக் கார்புரேட்டர். இங்கே அருமையாக இழுக்கிறது. மேலே போனால் பவர் போய்விடும் என்கிறார்களே, நிஜமா? (ஃபீனிக்ஸ்)

நிஜம்தான் தம்பி. டர்பன் கடல் மட்டம். கயலாமி ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் நம் ஊரில் இருப்பதைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற கருவி) இல்லாத இன்ஜினுக்குப் பவரும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். இங்கே 150 குதிரை இருந்தால் அங்கே 128 என்று வைத்துக்கொள். பயப்படாதே, உன்னோடு ஓடுகிற டர்போ இல்லாத எல்லாருக்கும் அதே கதிதான். ஜோபர்க்காரர்கள் வருடம் முழுக்க அந்தக் காற்றிலேயே செட்டப் செய்து பழகியவர்கள், அதுதான் வித்தியாசம்.

காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்புரேட்டருக்குக் காற்று மெலிந்தது தெரியாது. காற்று குறைந்தாலும் பெட்ரோலை ஏறக்குறைய பழைய அளவிலேயே விட்டுக்கொண்டிருக்கும். கலவை ரிச் ஆகிவிடும், அதாவது பெட்ரோல் கூடிவிடும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும், வளைவிலிருந்து வெளியே வரும்போது இன்ஜின் சளி பிடித்தவன் மாதிரி இருமும். மெயின் ஜெட்டை (பெட்ரோல் போகிற துளையுள்ள சின்னத் திருகு, எண் குறைந்தால் துளையும் சின்னது) ஒரு படி குறைக்க வேண்டும். என் காரில் இங்கே 145, அங்கே 140. உன் இன்ஜினுக்கு அதே எண் வராமல் போகலாம், அதனால் 140, 135 இரண்டையும் எடுத்துப் போ. வெள்ளிக்கிழமை பயிற்சியில் முழு த்ராட்டிலில் நேர்ப்பாதை ஓடி, அப்படியே கிளட்சை மிதித்து இன்ஜினை நிறுத்தி, பிட்டுக்கு (ட்ராக்கோரம் காரை நிறுத்தி வேலை பார்க்கிற இடம்) உருட்டி வந்து பிளக்கைக் கழற்றிப் பார். வெந்த பிஸ்கட் நிறம் இருந்தால் சரி. கறுப்பு என்றால் இன்னும் இறக்கு. வெள்ளை என்றால் உடனே ஏற்று.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். திரும்பி வந்ததும் பழைய ஜெட்டைப் போடு. நான் முதல் தடவை கயலாமி போய்விட்டு ஊர் திரும்பி, களைப்பில் ஜெட்டை மறந்துவிட்டு, அடுத்த வாரம் போர்ட் ஷெப்ஸ்டன் பக்கத்து டெஸி ட்ராக்கில் சோதனை ஓட்டம் எடுத்தேன். கடல் காற்றுக்கு அந்த ஜெட் பத்தவில்லை, கலவை லீன், அதாவது பெட்ரோல் குறைவு. போதாததற்கு, மேலே இரண்டு டிகிரி ஏற்றிய இக்னிஷனையும் (பிளக் பொறி விடுகிற நேரம்) இறக்கவில்லை. எட்டாவது சுற்றில் மூன்றாம் பிஸ்டனில் பட்டாணி அளவு ஓட்டை. அந்தப் பிஸ்டனை இன்னும் கராஜ் அலமாரியில் வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன். இப்போதெல்லாம் ஜெட் மாற்றினால் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு நாடா கட்டிவிடுவேன். நாடா இருக்கும் வரை சாவி போடுவதில்லை.

டர்போ காருக்கும் இந்தத் தலைவலி உண்டா? (டோங்காட்)

குறைவு. டர்போ அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். அதற்காக அது இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், உள்ளே போகிற காற்றும் கூடுதலாகச் சூடாகும். மெலிந்த காற்று ரேடியேட்டரையும், டர்போ காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரையும் கூடக் குறைவாகத்தான் ஆற்றும். வெப்பநிலை முள்ளைப் பார்த்து ஓட்டுங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் புதிது போடுங்கள். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், மூடியின் அழுத்தம்தான் காப்பாற்றுகிறது.

டயர் ப்ரெஷரை வீட்டிலேயே செட் செய்து எடுத்துப் போகலாமா? (மெரிபேங்க்)

வேண்டாம். இங்கே 2.0 பார் வைத்து ட்ரெய்லரில் ஏற்றினால், அதே வெப்பநிலையில் அங்கே கேஜ் சுமார் 2.15 காட்டும். டயருக்குள் காற்று கூடவில்லை, வெளியே அழுத்தம் குறைந்திருக்கிறது. கேஜ் காட்டுவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தானே. அப்புறம், டயர் சூடாகச் சூடாக ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ 0.1 பார் ஏறும். அதனால் காலையில் குளிர்ந்த டயரில் பார்த்த எண்ணை நம்பாதீர்கள். நாலைந்து சுற்று ஓடிவிட்டு வந்து, பிட்டில் நின்ற கையோடு நான்கையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். எந்த எண் வந்தபோது கார் நன்றாக நின்றதோ அதுதான் உங்கள் சூட்டு ப்ரெஷர். கேஜ் உங்களுடையதாகவே இருக்கட்டும். பக்கத்து பிட்டில் கடன் வாங்கிய கேஜ் வேறு கதை சொல்லும்.

பிரேக்குக்கு என்ன செய்வது? நான் வழக்கமாக ஓடுவது சின்ன ட்ராக். (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ராய் ஹெஸ்கெத் ட்ராக்கை 1981-ல் மூடினதிலிருந்து உங்கள் ஊருக்கே பெரிய ட்ராக் இல்லையே, என்ன செய்வது. கயலாமி ஒரு சுற்று 4.5 கிலோமீட்டர். நேர்ப்பாதையில் முழு வேகத்தில் வந்து க்ரோதோர்ன் வளைவில் பலமாகப் பிடிக்க வேண்டும். மைன்ஷாஃப்ட் வளைவில் தரையே காலடியிலிருந்து நழுவுகிற மாதிரி இறக்கம். பெயர் வைத்தவன் சும்மா வைக்கவில்லை, சுரங்கக் குழிக்குள் இறங்குகிற மாதிரிதான் இருக்கும். இறக்கம் முடிந்ததும் மறுபடி பிரேக்.

புது டாட் 4 பிரேக் ஃப்ளூயிட் கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி வேண்டும். ஈரம் உறிஞ்சிய பழையது 155-லேயே கொதிக்கலாம். டர்பன் ஈரக்காற்றில் திறந்து வைத்த டப்பா எத்தனை நாள் நன்றாக இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். புது டப்பா வாங்கி, போவதற்கு முந்தின வாரம் முழுசாக மாற்றி, நான்கு சக்கரத்திலும் பிரேக் குழாய்க்குள் இருக்கிற காற்றை வெளியேற்றுங்கள். புது பிரேக் பேட் போட்டால் அதை இங்கேயே ஓட்டிப் பதப்படுத்திவிட்டு எடுத்துப் போங்கள். ரேஸ் நாள் காலையில் புது பேட் போட்டுவிட்டு மைன்ஷாஃப்டில் இறங்குகிறவனுக்கு நான் கும்பிடு போடுவேன்.

பைக் ஹெல்மெட் நல்லதாக ஒன்று இருக்கிறது. அதைப் போட்டு ஓட்டலாமா அங்கிள்? (ஸ்டாங்கர்)

முடியாது. ஹெல்மெட்டில் இருக்கிற ஸ்னெல் பாதுகாப்பு முத்திரையில் எம் என்றால் மோட்டார் சைக்கிள், எஸ்ஏ என்றால் கார் ரேஸ். எஸ்ஏ ஹெல்மெட்டுக்கு நெருப்புச் சோதனை உண்டு, ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் காக்கிற உள் கம்பிக் கூண்டு) கம்பியில் மோதுகிற சோதனையும் உண்டு. பைக் ஹெல்மெட்டுக்கு அவை கிடையாது. சீட்டுக்கும் பெல்ட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு, லேபிளைத் தேடிப் பாருங்கள். ஸ்க்ரூட்டினியில், அதாவது ரேஸுக்கு முந்தின பாதுகாப்புப் பரிசோதனையில், அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். உள்ளே நைலான் பனியன் போடாதீர்கள், சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

கேட்கத் தயக்கமாக இருக்கிறது. எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். தாலிச் செயினோடு ஓட்டலாமா? மாமியார் கழற்றவே கூடாது என்கிறார். (வெருலம்)

தயங்க வேண்டாம் தங்கச்சி, நல்ல கேள்வி. கழுத்தில் உலோகச் செயினோடு போட்டியில் ஓட்டக் கூடாது என்பது உலக மோட்டார் பந்தய அமைப்பின் விதி. காரணம் நெருப்பு. தீயில் உலோகம் சூடேறித் தோலைச் சுடும். அவசரத்தில் ஹெல்மெட்டைக் கழற்றுகிறவர்களுக்கும் இடைஞ்சல். மோதிரம், மெட்டி, மூக்குத்தியையும் அப்படியே கழற்றி வைத்துவிடுங்கள்.

மாமியாரிடம் விதி என்று சொன்னால் ஒப்ப மாட்டார்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் தங்கை நேவிகேட்டராக ராலிக்குப் போனபோது இதே பிரச்சினை. அம்மாதான் வழி சொன்னாள். தாலியை மஞ்சள் துணியில் முடிந்து சாமி விளக்கடியில் வைத்துவிட்டு, கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு கட்டி அனுப்பினாள். பருத்திக் கயிறு உருகாது. ஸ்க்ரூட்டினி அதிகாரி கயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விட்டார். உங்கள் அதிகாரியிடமும் முன்னாலேயே காட்டிவிடுங்கள். மாமியாரை ஒரு தடவை பிட்டுக்கே கூட்டிப் போய் அந்தத் தீயணைப்பு வண்டியைக் காட்டுங்கள், மீதியை அவரே புரிந்துகொள்வார்.

ரேஸ் புரட்டாசிச் சனிக்கிழமையில் வருகிறது. நான் விரதம். சமாளிக்கலாமா? (லெனேசியா)

மாதம் முழுக்கச் சைவம் என்பதில் ஒரு தொந்தரவும் இல்லை. தண்ணீர் கூடக் குடிக்காத ஒருபொழுது என்றால்தான் நான் ஒப்ப மாட்டேன். மூடிய காரில், சூட்டுக்குள், இருபது நிமிடத்தில் சட்டை பிழிகிற அளவு வேர்க்கும். உடல் எடையில் 2 சதவீதம் தண்ணீர் இறங்கினாலே கவனம் சிதற ஆரம்பிக்கும். 70 கிலோ ஆளுக்கு அது 1.4 கிலோ. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் உங்கள் கணக்கு தெரிந்துவிடும்.

காலையில் தயிர்சாதம், வாழைப்பழம், பேரீச்சம்பழம் போதும். மோரில் உப்புப் போட்டு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சுகர் பீன்ஸ் கறியை மட்டும் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு புள்ளி பெல்ட் வயிற்றை இறுக்கும்போது ஏன் என்று தெரியும். விரதத்தை அடுத்த சனிக்கிழமை கூட்டிப் பிடியுங்கள். பெருமாள் கோபிக்க மாட்டார்.

டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கண்ணாடியில் ஒன்று கட்டிவிடலாம் என்று தாத்தா சொல்கிறார். (சாட்ஸ்வொர்த்)

டயருக்கு வைத்து ஏற்றுவது ட்ரெய்லர் கிளம்பும்போது வீட்டு வாசலில். தேங்காயும் அங்கேயே உடையுங்கள். காருக்குள் ஒன்றும் தொங்கக் கூடாது. எலுமிச்சை, மிளகாய், பிள்ளையார் பொம்மை எதுவானாலும். ஒரு தடவை என் பெடலுக்கு அடியில் ஒரு எலுமிச்சை உருண்டு வந்தது. அன்றைக்குக் கண்திருஷ்டி எனக்கு அந்தப் பழத்தாலேயே வந்தது.

சிமுலேட்டரில் கயலாமி ஓட்டிப் பழகினால் பயன் உண்டா? (ஃபீனிக்ஸ்)

உண்டு. அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே என்கிற கேமில் அந்த ட்ராக் இருக்கிறது. க்ரோதோர்ன், ஜுக்ஸ்கெய், பார்பெக்யூ, சன்செட், கிளப்ஹவுஸ், எஸ்ஸஸ், லீயுகாப், மைன்ஷாஃப்ட் என்று வளைவுகளின் வரிசை மனப்பாடம் ஆகிவிடும். ஆனால் பிரேக் எங்கே பிடிப்பது என்பதை அதிலிருந்து எடுக்காதே. அதில் ஓடுவது ஜிடி3 என்கிற பெரிய ரேஸ் கார், உன்னிடம் இருப்பது கோல்ஃப். ட்ராக்கில் வெள்ளிக்கிழமை காலையில் அனுமதி கேட்டு ஒரு சுற்று நடந்து பார். ஏற்ற இறக்கம் திரையில் தெரியாது, கால் சொல்லும்.

இன்னொன்று: கயலாமி இடஞ்சுழியாக ஓடுகிற ட்ராக். தலை வலப்பக்கம் இழுபடும், இடக்கழுத்துத் தசைதான் பிடித்து நிறுத்தும். இப்போதிருந்தே தினமும் உள்ளங்கையைத் தலையின் இடப்பக்கம் வைத்து, தலை அசையாமல் எதிர்த்துத் தள்ளு. பத்து விநாடி, பத்துத் தடவை.

நான் புள்ளிப் பட்டியலில் முதலிடம். நாலு புள்ளிதான் வித்தியாசம். துணிந்து ஓட்டுவதா, பார்த்து ஓட்டுவதா? (லாடியம்)

வீட்டில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதுங்கள்: இரண்டாமிடத்தில் இருக்கிறவர் முதலாவது வந்தால் எனக்கு எது வேண்டும், மூன்றாவது வந்தால் எது வேண்டும். அந்தக் காகிதம் பிட்டிலிருந்து உங்களுக்குப் போர்டில் எழுதிக் காட்டுகிறவரிடம் இருக்கட்டும், உங்களிடம் வேண்டாம். ஓட்டுகிறவன் கணக்குப் போட ஆரம்பித்தால் அடுத்த வளைவை விட்டுவிடுவான். நான் அப்படி ஒரு வருடம் இரண்டாமிடம் வந்தேன். போதுமான இடத்தில் இருந்து, பின்னால் வருகிறவர் புள்ளிக்கு ஆபத்தில்லாதவர் என்றால் வழி விடுங்கள். அதில் மானம் ஒன்றும் போகாது.

ட்ரெய்லரை நானே இழுத்துப் போகிறேன். என்3 நெடுஞ்சாலையில் கவனிக்க வேண்டியது? (மெரிபேங்க்)

முதலில் லைசென்ஸ். 750 கிலோவுக்கு மேல் ட்ரெய்லர் என்றால் கோட் ஈபி வேண்டும், வெறும் பி போதாது. காரைச் சற்று முன்னால் தள்ளி ஏற்றுங்கள். பின்பாரம் கூடினால் ட்ரெய்லர் வாலாட்டும். ஆட்டினால் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை மெதுவாக விடுங்கள். கிளம்பி 50 கிலோமீட்டரில் நிறுத்திச் சக்கர நட்டும் பட்டையும் இறுக்குங்கள். வான் ரீனன் கணவாயில் லாரி வரிசையும் மூடுபனியும் இருக்கும், பகலில் தாண்டுங்கள். 570 கிலோமீட்டருக்கு மேல் இழுத்துவிட்டு அன்றைக்கே பயிற்சிக்குப் போகாதீர்கள். வியாழக்கிழமையே போய்த் தூங்குங்கள்.

அண்ணா, இந்த முறை நீங்களும் ஓட்டுகிறீர்களா?

இல்லை. போன சுற்றில் போன கியர்பாக்ஸ் இன்னும் மேசைமேல் கிடக்கிறது. பிட்டில் இருப்பேன். டார்க் ரெஞ்ச் மறந்தவர்கள் என்னிடம் வாங்கலாம், நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு. போன வருடம் கொடுத்த 17 நம்பர் சாக்கெட் இன்னும் திரும்பி வரவில்லை. யாரிடம் இருக்கிறதோ அவருக்குத் தெரியும்.