ஸ்வாட் கட்டத்தை ரொப்பினா ஸ்ட்ராட்டஜி ஆயிடுமா? இந்த மாச கேள்வி பதில்

கேட்டரிங் காலேஜ்ல நடத்தற ஸ்ட்ராட்டஜிக் மேனேஜ்மெண்ட் பாடத்தை பத்தி இந்த தடவை வந்த கேள்வில பாதி செமஸ்டர் நடுவுல மாட்டிக்கிட்ட லெக்சரர்ங்க எழுதினது, மீதி நாளைக்கு சப்மிட் பண்ண வேண்டிய அசைன்மெண்டுக்கு இன்னிக்கு ராத்திரி உக்காந்து எழுதற பசங்க அனுப்பினது. ஒரே கேள்விய மூணு பேர் கேட்டிருந்தா ஒண்ணா சேத்துட்டேன்.

கேள்வி: மேடம், நான் எம்பிஏ படிச்சப்ப வெச்சிருந்த ஸ்ட்ராட்டஜி ஸ்லைடையே கேட்டரிங் ஃபைனல் இயருக்கு எடுக்கறேன். பத்து நிமிஷத்துல பாதி கிளாஸ் தூங்குது. என்ன பண்றது?

தூங்காம வேற என்ன பண்ணுவாங்க. காலைல ஏழு மணிக்கே க்வான்டிட்டி கிச்சன்ல நின்னு நூறு பேருக்கு சாம்பார் வெச்சுட்டு, கோட்டுல வெங்காய வாசனையோட மத்தியானம் வந்து உக்காந்திருக்கற பையன் கிட்ட விஷன், மிஷன், கோர் காம்பிடன்ஸ்னு ஆரம்பிச்சா நானா இருந்தாலும் தூங்கத்தான் செய்வேன். ஆனா இந்த பசங்க இண்டஸ்ட்ரியல் ட்ரெயினிங் முடிச்சுட்டு வந்தவங்க, எம்பிஏ கிளாஸ்ல பாதி பேருக்கு இல்லாத அனுபவம் அது, அதை பிடிச்சுக்கோங்க.

போர்டுல ரெண்டே வரி எழுதுங்க. நூறு ரூம் ஹோட்டல், 4000 ரூபா ரேட்ல 60 ரூம் வித்துச்சு. பக்கத்துலயே இன்னொரு நூறு ரூம் ஹோட்டல், 3000 ரூபா ரேட்ல 80 ரூம் வித்துச்சு. ரெண்டுக்கும் ரெவ்பார், அதாவது ரூம் வருமானத்தை இருக்கற மொத்த ரூமால வகுத்தா வர்றது, 2400 தான். எந்த ஹோட்டலுக்கு ஜெனரல் மேனேஜரா போவீங்கன்னு கேட்டுட்டு சும்மா இருங்க. ஹவுஸ்கீப்பிங்ல ட்ரெயினிங் பண்ண பொண்ணுதான் முதல்ல கத்தும், இருபது ரூம் அதிகமா தட்டி சுத்தம் பண்ணணும், லினன், சோப்பு, கரண்ட், காம்ப்ளிமெண்டரி பிரேக்ஃபாஸ்ட், அதெல்லாம் யார் அப்பன் வீட்டு காசுன்னு. எஃப் அண்ட் பி, அதாவது ரெஸ்டாரன்ட் பக்கம் ட்ரெயினிங் பண்ண பையன் விட மாட்டான், அந்த இருபது ரூம்காரங்க ராத்திரி நம்ம ரெஸ்டாரன்ட்ல தானே சாப்பிடுவாங்கம்பான். அரை மணி நேரம் சண்டை போடட்டும், அதுக்கப்புறம் ஃபைவ் ஃபோர்சஸ் சொன்ன மைக்கேல் போர்ட்டரை கூட்டிட்டு வாங்க. நான் எப்பவும் சொல்றதுதான், முதல்ல நம்பர், அப்புறம் படம்.

கேள்வி: ஃபைவ் ஃபோர்சஸ் எக்ஸாமுக்கு வருமா?

வரும்னு நினைச்சுக்கிட்டே படிங்க. ஒரு தொழிலோட லாபத்தை நெருக்கற அஞ்சு ஃபோர்ஸ்ல சப்ளையர் ஒண்ணு. சப்ளையர்னா காய்கறிக்காரர் மட்டும்னு எழுதிட்டு வந்துடாதீங்க, உங்க ரூமை வித்துக் குடுக்க 15ல இருந்து 25 பர்சன்ட் வரைக்கும் கமிஷன் எடுக்கற ஓடிஏவை, அதாவது ஆன்லைன் புக்கிங் சைட்டை, எந்த ஃபோர்ஸ்ல வைப்பீங்கன்னு யோசிச்சுட்டு ஹாலுக்கு போங்க.

கேள்வி: ஈசிஆர்ல ஒரு ரிசார்ட்டுக்கு ஸ்வாட் அனாலிசிஸ் பண்ணி அனுப்பிருக்கேன், சரியா இருக்கா பாருங்க மேடம்.

பாத்தேன். ஸ்வாட்னா பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்துன்னு நாலு கட்டம். ஸ்ட்ரென்த்: கடலுக்கு பக்கம், அனுபவமுள்ள ஸ்டாஃப், பேங்க்வெட் ஹால், அமைதியான சூழல். வீக்னெஸ்: விளம்பரம் பத்தல. ஆப்பர்சூனிட்டி: சுற்றுலா வளருது. த்ரெட்: போட்டி. இதே தாளை போன வருஷம் நூறு தடவை பாத்துட்டேன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன், கோச்சுக்காதீங்க.

ஒரு காலேஜுக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினரா போயிருந்தேன், பேர் வேண்டாம். நாப்பது ப்ராஜெக்ட். ஹோட்டல் மகாபலிபுரத்துல இருந்து கும்பகோணம் வரைக்கும் விதவிதமா இருக்கு, ஸ்வாட் மட்டும் ஒண்ணே ஒண்ணு. ஸ்டாஃப்னு எழுத வேண்டிய எடத்துல எவனோ 'எக்ஸ்பீரியன்ஸ்டு ஸ்டஃப்'னு அடிச்சிருக்கான், அந்த ஸ்டஃப் கூட மாறாம முப்பது ரிப்போர்ட்ல அப்படியே இருக்கு. கைடுங்க எல்லாத்துலயும் கையெழுத்து போட்டிருக்காங்க. பசங்களை திட்டி என்ன பிரயோஜனம், நாம தானே நாலு கட்டம் வரைஞ்சு ரொப்பச் சொல்லி பத்து மார்க் குடுக்கறோம்.

நான் வெச்சிருக்கற சோதனை ஒண்ணுதான். ஹோட்டல் பேரை மாத்திப் பாருங்க. பக்கத்து ரிசார்ட் பேரை போட்டாலும் அந்த வரி உண்மையா இருந்தா அடிச்சிடுங்க. உங்க தாள்ல அடிச்சா என்ன மிஞ்சும்? ஒண்ணும் மிஞ்சாது, தலைப்புதான் மிஞ்சும்.

ஆனா உங்களுக்கே தெரியாம ஒரு நல்ல விஷயத்தை எழுதிட்டீங்க. பேங்க்வெட் ஹாலும் அமைதியும் ஒரே கட்டத்துல பக்கத்துல பக்கத்துல இருக்கு பாருங்க. முகூர்த்த நாள்ல விடியக்காலம் நாலரைக்கு நாதஸ்வரம் ஆரம்பிக்கும், ரெஸ்ட் எடுக்கலாம்னு வந்த காட்டேஜ் கெஸ்ட் கண்ணு செவக்க ரிசப்ஷன்ல வந்து நிப்பாரு, ரீஃபண்ட் குடுன்னு. நான் ஃப்ரண்ட் ஆஃபீஸ்ல இருந்தப்ப இந்த காட்சிய எத்தனை தடவை பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. ஒரு ஸ்ட்ரென்த் இன்னொரு ஸ்ட்ரென்த்தை தின்னுது. அந்த எடத்துல தான் ஸ்ட்ராட்டஜியே ஆரம்பிக்குது, கல்யாணமா, வீக்கெண்ட் ஃபேமிலியா, எதை விடப் போறீங்க?

விடறதுன்னா எப்படின்னு தெரியணும்னா தேக்கடில இருக்கற ஸ்பைஸ் வில்லேஜை எடுத்துக்கோங்க. சிஜிஎச் எர்த் குரூப்போடது. அங்க இருக்கற பழங்குடி வீடு மாதிரி யானைப்புல் வேய்ஞ்ச கூரை, ரூம்ல ஏசி கிடையாது, டிவி கிடையாது. டிவி இல்லாத ரூமுக்கு அவ்ளோ காசு குடுக்க மாட்டேன்னு சொல்ற கெஸ்ட் நமக்கு வேண்டாம்னு தெரிஞ்சே முடிவு பண்ணது அது. அந்த மாதிரி ஒரு வரி உங்க தாள்ல வேணும். எதை நிறுத்தப் போறோம், அதனால யார் வராம போவாங்க, அதுல எவ்ளோ ரூபா போகும். மூணுக்கும் பதில் எழுதிட்டு மறுபடி அனுப்புங்க, கட்டம் போட வேண்டாம்.

கேள்வி: டெக்ஸ்ட் புக்ல எல்லாம் டிஸ்னி, ஸ்டார்பக்ஸ், சவுத்வெஸ்ட் தான். நம்ம ஊர் கேஸ் எங்க கிடைக்கும்?

பேப்பர் படிக்கறீங்களா இல்லையா? 2004ல டாஜ் குரூப் பெங்களூர் வைட்ஃபீல்டுல இண்டிஒன்னு ஆயிரம் ரூபாய்க்குள்ள ஒரு ஹோட்டல் தொறந்துச்சு, அதுதான் அப்புறம் ஜிஞ்சர் ஆச்சு. அரண்மனை ஹோட்டல் நடத்தறவன் ஆயிரம் ரூபா ரூம் விக்கும்போது டாஜுங்கற பேரை ஏன் போடலங்கற ஒரே கேள்விக்கு ரெண்டு பீரியட் ஓடும். கிங்ஃபிஷர் இன்னொண்ணு. 2005ல ஆரம்பிச்ச ஃபுல் சர்வீஸ் ஏர்லைன், 2007ல போய் ஏர் டெக்கானை வாங்குது, ஏன்னா வெளிநாட்டுக்கு பறக்கணும்னா உள்நாட்டுல அஞ்சு வருஷம் ஓட்டியிருக்கணும்னு அப்ப ரூல், டெக்கான் 2003லயே ஆரம்பிச்சுட்டாங்க. 2012ல எல்லாம் நின்னுபோச்சு. இதை எடுக்கும்போது 2007 வரைக்கும் தான் பசங்களுக்கு குடுக்கணும், நீங்க கம்பெனி போர்டு மீட்டிங்ல உக்காந்திருக்கீங்க, வாங்கலாமா வேண்டாமான்னு. முடிவு தெரிஞ்ச கதைல எல்லாரும் அறிவாளிதான்.

பெஸ்டல், அதாவது அரசியல், பொருளாதாரம், சட்டம்னு வெளியில இருந்து வர்றதை அலசற பாடம், எடுக்கறப்ப கேரளா. நெடுஞ்சாலைல இருந்து 500 மீட்டருக்குள்ள மது விக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது 2017 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு, வடக்கு பறவூர்ல ஒரு பார்காரர் தூரத்தை ஏத்திக் காட்டறதுக்காக வாசல்ல சந்து சந்தா வளைச்சு வளைச்சு பாதை கட்டிட்டாரு. கிளாஸ் சிரிச்சு முடிக்கட்டும், அப்புறம் இது ஸ்ட்ராட்டஜியா சமாளிப்பான்னு கேளுங்க. நம்ம பக்கம்னா ஊட்டி இ-பாஸ், வண்டி மலை ஏற முன்னாடியே ஆன்லைன்ல எடுக்கற அனுமதி. 2025 ஏப்ரல்ல இருந்து சீசனுக்கு வார நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறு 8000. முப்பது ரூம் லாட்ஜ் ஓனர் என்ன பண்ணுவாரு, வர்ற வண்டி எண்ணிக்கை ஏறாது, வர்றவங்களை இன்னொரு ராத்திரி தங்க வைக்கறது எப்படி?

கேள்வி: ரூம் ஜிஎஸ்டி 28 பர்சன்ட்னு வெச்சு ஒரு ப்ரைசிங் கேஸ் எழுதிருக்கேன். ஓகேவா?

28 போனது 2019ல! தேதி பாருங்க, தேதி பாருங்கன்னு எத்தனை தடவை சொல்றது. 2025 செப்டம்பர் 22ல இருந்து ஒரு ராத்திரிக்கு 7500 வரைக்கும் 5 பர்சன்ட், ஆனா இன்புட் க்ரெடிட், அதாவது ஹோட்டல் வாங்கற பொருளுக்கு கட்டின வரியை கழிச்சுக்கறது, கிடையாது. அதுக்கு மேல 18.

இப்ப கணக்கு பாருங்க. 7500 ரூமுக்கு கெஸ்ட் குடுக்கறது 7875. 7600 ரூமுக்கு 8968. நீங்க நூறு ரூபா ஏத்தினீங்க, அவர் கையில இருந்து ஆயிரத்து சொச்சம் போச்சு. இன்னும் ருசியான விஷயம் ரெஸ்டாரன்ட்ல இருக்கு. போன நிதி வருஷத்துல ஒரே ஒரு ரூம் 7500க்கு மேல போயிருந்தாலும் இந்த வருஷம் அந்த ஹோட்டல் ரெஸ்டாரன்ட் 18க்கு போயிடும், க்ரெடிட் உண்டு, இல்லன்னா 5. அதாவது நியூ இயர் நைட்டு ஆசைப்பட்டு ஒரு ரூமை 8000க்கு வித்தா அடுத்த நிதி வருஷம் பூரா உள்ளூர் ஆள் சாப்பிடற தோசைக்கும் 18. ரெவின்யூ மேனேஜரும் எஃப் அண்ட் பி மேனேஜரும் பேசிக்காத ஹோட்டல்ல என்ன ஆகும்னு கேஸை அப்படி மாத்தி எழுதுங்க.

கேள்வி: நான் செஃப் ஆகப் போறேன், எனக்கெதுக்கு இந்த பேப்பர்?

மெனு என்ஜினியரிங் படிச்சீங்கல்ல, எது ஓடுது, எதுல காசு நிக்குதுன்னு பாத்து மெனுவ ஸ்டார், ப்ளோஹார்ஸ், பசில், டாக்னு நாலா பிரிக்கறது? அது கம்பெனியோட தொழில்களை நாலு கட்டமா பிரிக்கற பாஸ்டன் மேட்ரிக்ஸோட சொந்தக்காரன் தான். நல்லா ஓடுது ஆனா காசு நிக்கலங்கற பிரியாணிய என்ன பண்றதுன்னு ஓனர் கேக்கும்போது லேடிலை தூக்கிக் காட்ட முடியாது.

கேள்வி: மடம், யாழ்ப்பாணத்தில சுற்றுலாத்துறை மாணவருக்கு மூலோபாய முகாமைத்துவம் (ஸ்ட்ராட்டஜிக் மேனேஜ்மெண்ட்) படிப்பிக்கிறன். ஐஞ்சு வருசத் திட்டம் எழுதச் சொன்னால் பிள்ளையள் சிரிக்கினம். இந்த நாட்டில ஐஞ்சு வருசமோ எண்டு கேக்கினம்.

இந்த மாசத்துல வந்ததுலயே நல்ல கேள்வி இது. பிள்ளைங்க சிரிக்கறது நியாயம்தான். 2018ல இலங்கைக்கு 23 லட்சம் டூரிஸ்ட் வந்தாங்க, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அப்புறம் கொரோனா, 2021ல 2 லட்சத்தை கூட தொடல, 2022ல பெட்ரோல் க்யூ, 2024ல மறுபடி 20 லட்சம். இந்த வரிசைய போர்டுல எழுதிட்டு, எந்த வருஷம் எவ்ளோ பேர் வருவாங்கன்னு கேக்காதீங்க. 20 ரூம் கெஸ்ட் ஹவுஸ் ஒண்ணு குடுத்து, புக்கிங் எத்தனைக்கு கீழ போனா மாடியை மூடுவீங்க, எந்த செலவை அன்னிக்கே நிறுத்துவீங்க, யாரை என்ன ஆனாலும் அனுப்ப மாட்டீங்கன்னு கேளுங்க. சமையல்காரரை அனுப்பிட்டா கூட்டம் திரும்பி வரும்போது அவர் துபாய்ல இருப்பாரு, அதையும் எழுதச் சொல்லுங்க. இங்கயும் முதல்ல நம்பர்தான், மாசம் பூரா ஒரு கெஸ்ட் கூட வரலன்னாலும் போற செலவு எவ்ளோன்னு தெரியாம சினாரியோ போடாதீங்க.

கேள்வி: ஸ்ட்ராட்டஜிக் மேனேஜ்மெண்ட் ஹோட்டல் ப்ராஜெக்ட், 20 ஸ்லைட் பிபிடி அனுப்பவும். அர்ஜென்ட்.

அனுப்ப மாட்டேன். எந்த ஹோட்டல்னு கூட எழுதல, பேரை மாத்திப் பாக்கற வேலையாவது எனக்கு மிச்சம்.