38,000 ரூபாய்க்கு லண்டன் பள்ளி: கட்டலாமா?

கேள்வி: தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டாரத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஏழாம் வகுப்பில் 31 பிள்ளைகள். சேலத்திலிருந்து ஒருவர் வந்து, 38,000 ரூபாய் கட்டினால் லண்டன் பள்ளி ஒன்றோடு எங்களை இணைத்து, 'சர்வதேசப் பள்ளி' என்று சான்றிதழும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். தலைமை ஆசிரியருக்கு ஆசை வந்துவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் பணம் தருவதாகவும் சொல்கிறார். ஆனால் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேச வராது. கட்டலாமா? வேண்டாம் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கட்டாதீர்கள் டீச்சர். 38,000 இல்லை, 380 ரூபாயும் வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய, அந்தச் சேலத்துக்காரரின் விளம்பரத் தாளைப் படித்தேன். 'ஸ்கைப் வகுப்பறை' என்று போட்டிருக்கிறார். ஸ்கைப் என்ற வீடியோ அழைப்புச் சேவையையே 2025 மே மாதம் மூடிவிட்டார்கள். கீழே 'இ-ட்வின்னிங் உறுப்பினர் பதிவு' என்று இன்னொரு வரி. அது பள்ளிகளை இணையம் வழியாகச் சேர்த்துவைக்க 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் பள்ளிகளுக்காகத் தொடங்கியது. ஐரோப்பாவும் அக்கம்பக்கத்து நாடுகளும் மட்டும்தான் அதில் சேரலாம். பென்னாகரத்துக்கு அங்கே இடமே கிடையாது. தாளை அச்சடித்தவர் இதைக்கூடப் பார்க்கவில்லை.

பள்ளிகளுக்குச் சர்வதேச விருது என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. பிரிட்டனின் கல்வி, பண்பாட்டு அமைப்பான பிரிட்டிஷ் கவுன்சில் கொடுக்கிறது. ஆனால் அது வகுப்பில் செய்த வேலையைக் காட்டியபிறகு வருவது. வேலை தொடங்கும் முன்பே சான்றிதழுக்கு விலை சொல்கிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "லண்டனில் எந்தப் பள்ளி, எந்த ஆசிரியர்? அவருடைய பள்ளி மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள், நானே எழுதிக்கொள்கிறேன்." பிரிட்டன் பள்ளி முகவரிகள் பெரும்பாலும் 'எஸ்சிஎச் டாட் யூகே' (.sch.uk) என்று முடியும். ஜிமெயில் முகவரி ஒன்றை நீட்டினாலோ, "எல்லாம் எங்கள் வழியாகத்தான்" என்றாலோ டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். தலைமை ஆசிரியர் அறையில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்கியது. ஸ்காட்லாந்துப் பள்ளி ஒன்றோடு 'தோழமை ஒப்பந்தம்' ஆம். வகுப்புக்குப் போய், "அந்த ஊரில் உங்களுக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்டேன். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் மட்டும், "கொடி பிடிச்சு போட்டோ எடுத்தாங்க சார்" என்றான். இணைப்பு என்று அங்கே நடந்தது அவ்வளவுதான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? லண்டனை விடுங்கள். மலேசியாவைப் பாருங்கள்.

மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. 1816இல் பினாங்கில் தொடங்கிய ஒரு தமிழ் வகுப்பிலிருந்து வளர்ந்தவை. தொடக்கப் பள்ளிகள்தான்; ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது, உங்கள் ஏழாம் வகுப்புக்குச் சரிசமம். உங்களைப் பயமுறுத்தும் ஆங்கிலப் பிரச்சினை இங்கே எழவே எழாது. நேரமும் ஒத்துவரும். அவர்கள் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி இருப்பவர்கள். நம் காலை பத்து மணி அங்கே பகல் பன்னிரண்டரை. அவர்கள் பள்ளி முடிவதற்குள் அரை மணி நேரம் பேசிவிடலாம். லண்டனில் பள்ளி தொடங்கும் ஒன்பது மணி நமக்கு மதியம் ஒன்றரை அல்லது இரண்டரை. அமெரிக்காவில் பள்ளி தொடங்கும்போது நம் பிள்ளைகள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார்கள்.

பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளிக்கு மலேசியப் பள்ளியோடு இப்படி ஒரு வீடியோ அழைப்பு ஏற்பாடு செய்தேன். அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதல் கேள்வி, "எல்லாரும் பசியாறிட்டீங்களா?" நம் பிள்ளைகள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்கள். மலேசியத் தமிழில் அப்படித்தான் கேட்பார்கள் என்று சொன்னதும் ஒரு பெண் எழுந்து, "களியும் கீரைக் கொழம்பும்" என்றாள். "களின்னா என்ன?" சொல்லிப் புரியவைக்க முடியாமல், இல்லாத களியைக் கையில் உருட்டி, நடுவில் குழி பறித்து, குழம்பு ஊற்றிக் காட்டினாள். அதற்குள் ஒலி போய்விட்டது. பிள்ளைகளே நோட்டைக் கிழித்துப் பெரிய எழுத்தில் எழுதிக் கேமராவுக்கு நேரே பிடித்தார்கள். மிச்ச இருபது நிமிடமும் அப்படியேதான் ஓடியது.

முதல் அழைப்பு இப்படிக் கலகலப்பாகப் போய்விடும், இரண்டாவதில்தான் பேச ஒன்றுமில்லாமல் நிற்போம். அதனால் கேள்வி ஒன்றை முன்பே கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நான் சொல்வது: "உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" தருமபுரிப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உலகப் பாடம் கிடையாது. நம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு என்ற உப்பு அதிகம். அதனால்தான் நம்மூர்க்காரர் பல பேர் பல்லில் பழுப்புக் கறை. அதற்காக ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்த திட்டம் 2013இல் திறந்தது. ஜப்பான் கொடுத்த கடனில் கட்டியது. வீட்டுக் குழாயில் ஜப்பான் இருப்பது எத்தனை பிள்ளைக்குத் தெரியும்? பாட்டியிடம் பழைய கிணற்றைப் பற்றிக் கேட்டு வரட்டும். கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து, லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன வரம்புக்கு மேலா கீழா என்று பார்க்கட்டும். இரண்டு வகுப்பும் ஆளுக்கொரு தண்ணீர் வரைபடம் போட்டு மாற்றிக்கொள்ளலாம். ஒரு வருடம் கழித்துத் தெம்பு வந்தால், இதே கேள்வியோடு கென்யாவில் நகுரு பக்கம் ஒரு பள்ளியைத் தேடுங்கள். அங்கேயும் இதே ஃப்ளோரைடு, இதே பல். ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி, படம் வரைந்து அனுப்பினால் போதும், பேச வேண்டியதில்லை. ஆசிரியர்களே திட்டம் போட்டுப் பள்ளிகளைச் சேர்க்கும் 'ஐயர்ன்' (iEARN) என்ற வலையமைப்பு 1988இலிருந்து நடக்கிறது. அப்போது அதையும் பாருங்கள்.

பள்ளியைப் பிடிப்பது எப்படி? மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றுக்கு ஃபேஸ்புக் பக்கம் உண்டு. தலைமை ஆசிரியர் பெயரில் ஒரு பக்கக் கடிதம்: நாங்கள் யார், எந்த வகுப்பு, என்ன கேள்வி, எந்த நேரம். பத்துப் பள்ளிக்கு அனுப்பினால் இரண்டு பதில் வரும். அவர்களும் மேலே கேட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கும், பொறுங்கள்.

இங்கே அனுமதி? பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பதில் சீக்கிரம் வரும் என்று நம்பாதீர்கள். மேடையில் 'உலகத்தரம்' என்று பேசுவார்கள், ஒரு அரை மணி நேர அழைப்புக்கான கோப்பு மூன்று மேசை தாண்ட ஒரு பருவம் ஆகும். அதற்குள் உங்களை எமிஸில், அதாவது கல்வித் துறையின் தகவல் தளத்தில், இருபது விவரம் ஏற்றச் சொல்லி நாலு முறை போன் வந்துவிடும். காத்திருக்கும் நேரத்தில் தண்ணீர் வேலையைத் தொடங்குங்கள். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

பிள்ளைகளின் முழுப்பெயர், வீட்டு முகவரி எதுவும் வெளியே போகக் கூடாது. முகம் அந்த வீடியோ அழைப்போடு நிற்க வேண்டும். 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழ் எல்லாரும் குழந்தைதான். பெற்றோர் சம்மதம் வேண்டும். "வெளிநாட்டுப் பள்ளியிலிருந்து பரிசுப் பார்சல் வந்திருக்கிறது, கஸ்டம்ஸ் கட்டுங்கள்" என்று போன் வந்தால் திருடன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தச் சிங்கப்பூர்ப் பணம். பொது விதி: வெளிநாட்டிலிருந்து ஒரு காசும் வாங்காதீர்கள். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது, பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கினால் வம்பு. இதற்கு ஒரு விலக்கு உண்டு, அது உங்கள் முன்னாள் மாணவருக்குப் பொருந்துமா என்பது அவர் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. அவர் இன்னும் இந்தியக் குடிமகன்தான், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புகிறார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் ஆகும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் ஆகும். தாத்தா பாட்டி எல்லாரும் ஏரியூரிலேயே இருந்தாலும் ஆகும். இந்தியக் குடிமகனே ஆனாலும், வேலை பார்க்கும் கம்பெனிக் கணக்கிலிருந்து அனுப்பினால் ஆகும். அங்குள்ள நண்பர்களிடம் வசூல் செய்து சேர்த்து அனுப்பினால், அதில் யார் எந்த நாட்டவர் என்று நீங்கள் எங்கே போய்த் தேடுவீர்கள்? அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள்: "தம்பி, உன் பாஸ்போர்ட் எந்த நாடு, பணம் யாருடையது?" இந்தியப் பாஸ்போர்ட்டும் சொந்தப் பணமும் என்றால், அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை சேர்க்கும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற அரசுத் திட்டத்தின் வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தச் சேலத்துக்காரரின் கைக்கு நேராகக் கொடுக்க மட்டும் விடாதீர்கள்.

அவர் கொடுத்தால் என்ன வாங்குவது என்று அடுத்துக் கேட்பீர்கள். நல்ல மைக் ஒன்று, வெளி ஸ்பீக்கர் ஒன்று. லேப்டாப்பில் இருக்கும் ஸ்பீக்கர் 31 பிள்ளைகளுக்குக் கேட்காது, முன்வரிசை மட்டும் சிரிக்கும், பின்வரிசை "என்ன சொன்னாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.