மகனை டீமில் எடுக்கவில்லை என்று பாடசாலை அதிபருக்குக் கடிதம் எழுதலாமா?

அக்கா, பாடசாலையின் 19 வயதுக்குட்பட்ட கிரிக்கெட் டீமில் மகனை இரண்டு மெட்சாக வெளியே வைத்ததால் உங்கள் கணவர் மைதானத்திலேயே கோச்சிடம் சத்தம் போட்டார், இப்போது அதிபருக்குக் கடிதம் எழுதுகிறார் என்றீர்கள். தயவுசெய்து அந்தக் கடிதத்தை நிறுத்துங்கள். அது போனால் முறைப்பாடாகிவிடும், அப்புறம் டிரெஸ்ஸிங் ரூமில் மற்றப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டியவன் உங்கள் மகன்தான்.

முதலில் அவனே கேட்கட்டும். பயிற்சி முடிந்த பிறகு, தனியாக, "சேர், நான் எதைத் திருத்த வேண்டும்?" என்று. ஸ்பின்னர் என்கிறீர்கள், இரண்டு நாள் மெட்சுக்கும் 50 ஓவர் மெட்சுக்கும் டீம் எடுக்கும் கணக்கு வேறு, மழை பெய்து ஈரமான பிட்ச் என்றால் ஸ்பின்னரை விட்டுவிட்டு இன்னொரு வேகப்பந்து வீச்சாளரை எடுப்பதும் வழமைதான், எல்லாமே வஞ்சகம் இல்லை. சரியான பதில் வராவிட்டால் கிரிக்கெட் பொறுப்பாசிரியரிடம் நேரம் கேட்டு நீங்கள் போங்கள். மற்றப் பையன்களின் பெயரை அங்கே எடுக்கவே வேண்டாம்.

கோச் கை நீட்டினாலோ பிள்ளையைக் கேவலமாகப் பேசினாலோ கதை வேறு, அன்றைக்கே அதிபரிடம் போங்கள்.

கணவர் கொஞ்ச நாளைக்கு மெட்ச் பக்கம் வராமல் இருப்பது நல்லது. மகனுக்கு ஏ.எல். பரீட்சை எந்த வருடம்? அதையும் எழுதுங்கள்.