‘என்னால் முடியும்’ என்று தினமும் சொல்லியும் மனம் சோர்கிறதே?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். வயது 34. கார் லைசென்ஸ் சோதனையில் பார்க்கிங் எல்லாம் சரியாக வருகிறது. ஏற்றத்தில் மட்டும் கார் பின்னால் உருண்டு இரண்டு முறை ஃபெயில். தினமும் கண்ணாடி முன் நின்று “நான் திறமைசாலி, என்னால் முடியும்” என்று சொல்கிறேன். சொல்லி முடித்ததும் இன்னும் சோர்வாகிறது. என்னிடம் ஏதும் கோளாறா?

பதில்: உங்களிடம் ஒரு கோளாறும் இல்லை, சகோதரி. அந்த வாக்கியம்தான் உங்களுக்குப் பொருந்தவில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஜோஆன் வுட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்கள் ‘நான் அன்புக்குரியவர்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட மோசமாகவே உணர்ந்தார்கள். நம்பாததைச் சொன்னால் மனம் சும்மா இருக்காது. ‘திறமைசாலி என்றால் போன தடவை ஏன் உருண்டது?’ என்று கேட்கும். காலையிலேயே அந்தச் சண்டை எதற்கு? கண்ணாடியை விட்டுவிடுங்கள்.

உண்மையாக இருப்பதைச் சொல்லுங்கள்: “பார்க்கிங் வந்துவிட்டது, ஏற்றம்தான் பாக்கி.” இதை மனம் மறுக்க முடியாது.

அப்புறம், ஏற்றத்தில் நிற்கும்போது பாராட்டு உதவாது, செய்முறைதான் உதவும். கைகால் நுணுக்கம் தேவைப்படும் வேலைகளில் அடுத்து செய்ய வேண்டியதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது நல்ல பலன் தருவதை விளையாட்டு உளவியலில் பார்த்திருக்கிறார்கள். “ஹேண்ட்பிரேக் இழு. கொஞ்சம் எண்ணெய் கொடு. கிளட்ச்சை மெதுவாக விடு. முன்பக்கம் தூக்குகிறதா? காலை அப்படியே வை. இப்போது ஹேண்ட்பிரேக்கை இறக்கு.” இவ்வளவுதான்.

இதைச் சொல்லும்போது உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், ‘நான்’ என்று சொல்லாமல் தன் பெயரைச் சொல்லித் தன்னிடமே பேசியவர்களுக்கு மேடைப் பேச்சின்போது பதற்றம் குறைந்தது, பேச்சும் மேம்பட்டது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்தச் சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கமோ பசியோ கெட்டால், அரசாங்க கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, அடுத்த தேதி வாங்குமுன் ஏற்றத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் பயிற்சி கேளுங்கள். பேச்சு வழிகாட்டும்; நம்பிக்கை வருவது கார் உருளாமல் ஏறும்போதுதான். ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சோதனை நாளில் உதட்டுக்குள் சொன்னால் போதும்.